தேயிலைச் சரிவில் யாருடைய காதல்?

காதலைப் படம்பிடிப்பதே ஒழுக்கக்கேடு என்று கூக்குரலிடுவோர் கூட்டத்தில் நான் இல்லை. முத்தத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் அந்தப் பண்பாட்டுக் காவலர்கள், கொழுந்து பறிப்பவளின் கூலி பறிபோவதைக் கண்டு முகஞ்சுளித்ததில்லை. என் வழக்கு வேறு. எல்லவிலும் அப்புத்தளையிலும் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தடியிலும் எடுக்கப்படும் காதற் படங்களில் எத்தகைய காதல் இருக்கிறது?

பச்சைச் சரிவு, பனிமூட்டம், நெற்றியோடு நெற்றி சேர்த்து நிற்கும் மணமக்கள். கொழுந்துக்காரி சட்டத்துக்குள் வந்துவிட்டால் விலகி நிற்க வேண்டும். அல்லது கூடையோடு சிரிக்க வேண்டும். சினிமாவும் நெடுங்காலமாக இதையே செய்து வருகிறது. காதலர் ஆடிப்பாட மலை வேண்டும். அந்த மலையைக் காடு வெட்டித் தோட்டமாக்கியவனின் காதல் வேண்டாம்! அவனுக்கும் நெஞ்சொன்று உண்டென்பது இக்கலைஞர்களுக்குத் தோன்றுவதேயில்லை.

இது புதிய நோயன்று. புகைப்படத்தைக் கலையென நிலைநாட்டியவர்களுள் ஒருவர் ஜூலியா மார்கரெட் கெமரன். டெனிசனின் ஆர்தர் மன்னர் காவியத்துக்குப் படமெடுக்கையில், லான்சலட் வீரனும் கினவீர் அரசியும் பிரியும் காட்சியை 1874இல் வேடமிட்டு நிறுத்தி எடுத்தார். அத்தழுவலில் உண்மையான துயரம் உண்டு, மறுக்கவில்லை. மறு ஆண்டே, கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு வந்தார். 1879இல் திக்கோயாவில் மறைந்தார். இங்கும் மக்களைப் படமெடுத்தார். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயரே இல்லை. சீமைக் காவியத்துக்குப் பிரிவுத்துயர். கூலிக்கு வெறும் முகம்!

எங்கள் மக்களுக்குப் பிரிவு தெரியாதா? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. ஆடு மாடு பிரிப்பது போன்ற அந்தக் கணக்கில், ஒருவரையொருவர் விரும்பியிருந்தோர் எத்தனை பேர் வெவ்வேறு பட்டியலில் விழுந்தனர்! தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றனர். அந்த மேடையில் பற்றிய கையை விட மனமின்றி நின்றவர்களுக்கு வேடம் தேவைப்படவில்லை.

நெருக்கம் என்கிறார்களே, அதற்கும் இடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் தாய் தகப்பன், வயது வந்த தங்கை, அடுப்பு, விறகு; இவற்றுக்கிடையே ஒரு பழஞ்சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இல்வாழ்க்கை தொடங்கிய தலைமுறைகள் இங்கு உண்டு. குரலடக்கிப் பேசவும் குரலடக்கிச் சிரிக்கவும் பழகிய அந்தத் தம்பதியரின் காதல், பனிமூட்டத்துக் காதலைவிட எவ்வகையில் தாழ்ந்தது? அந்தச் சேலைத் திரையைக் காட்டாமல், அதற்கு அப்பாலுள்ள சரிவை மட்டும் காட்டுவது அழகியலன்று, மறைப்பு.

காதலைக் கலையாக்க எம்மவர் அறியாதவர்களுமல்லர். மாசி மாதந்தோறும் தோட்டங்களில் தப்பு முழங்கக் காமன் கூத்து நடக்கிறது. சிவனின் தவத்தைக் கலைக்க மேலிடத்தார் ஏவுகின்றனர். போகாதே என்று ரதி தடுக்கிறாள். ஏவிய வேலையைச் செய்யப் போன மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். ஏவியவர்கள் எரியவில்லை! ரதி புலம்பும்போது காமன் பொட்டலில் கூடியிருக்கும் பெண்கள் வெறும் புராணத்துக்காகவா அழுகின்றனர்? ரதி வேடத்தையும் ஆணே கட்டுவது வழக்கம். அதைப் பற்றித் தனியே சண்டையிடலாம். ஆயினும் இங்கே காதல், அதனை ஆட்டிவைக்கும் அதிகாரத்தோடு சேர்த்தே காட்டப்படுகிறது. விலையுயர்ந்த எந்தக் கேமராவும் இவ்வளவு தூரம் வரவில்லை.

பதுளை, பண்டாரவளைப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் தமிழ்த்தின நாடகம் போடுகிறோம். பாதி நாடகங்களில் அரசகுமாரி பூங்காவில் உலவுகிறாள். ஆசிரியத் தோழர்களே, மாணவரை லயங்களுக்கு அனுப்புங்கள். ஒப்பாரிக் கோச்சியை வழியனுப்பிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதி வரட்டும். அடுத்த நாடகத்தை அதிலிருந்து தொடங்கலாம்.