ஆனையிறவும் ஆட்டப் பலகையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலப்பரப்போடு இணைக்கும் ஒடுங்கிய தரை ஆனையிறவு. இருபுறமும் கடல்நீரேரி, நடுவே ஏ-9 வீதி. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள் இவ்வழியாகவே குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அத்தரையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ‘கோ’ என்னும் ஆட்டம் நினைவுக்கு வரும்.

சீனாவில் தோன்றி ஜப்பானில் செழித்த ஆட்டம் அது. குறுக்கும் நெடுக்குமாக 19 கோடுகள். அவை வெட்டும் 361 புள்ளிகள். ஒருவர் கறுப்புக் கல்லையும் மற்றவர் வெள்ளைக் கல்லையும் மாறிமாறி வைப்பர். வைத்த கல் நகராது. கல்லை ஒட்டிய வெற்றுப் புள்ளிகளைச் சீனர் அதன் ‘மூச்சு’ என்பர். மூச்சு முழுவதும் அடைபட்டால் கல் பலகையிலிருந்து அகற்றப்படும்.

இவ்விதியை ஆனையிறவு நன்கறியும். 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் படைத்தளத்தைச் சூழ்ந்தபோது, வெற்றிலைக்கேணிக் கரையில் இறங்கிய படையினர் அதன் மூச்சை மீட்டனர். 2000 மார்ச்சில் குடாரப்பில் தரையிறங்கிய புலிகள் இத்தாவில் பகுதியில் வீதியை மறித்தனர். ஏப்ரலில் இயக்கச்சியின் நன்னீர்க் கிணறுகளும் படையினரின் கைவிட்டுப் போயின. உப்புத் தரையில் குடிநீரின்றி எந்தத் தளமும் நிலைக்காது. ஏப்ரல் 22இல் அது வீழ்ந்தது. 2009 ஜனவரியில் மீண்டும் அரச படைகளின் வசமாயிற்று.

பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் இவற்றையெல்லாம் ‘காய்நகர்த்தல்’ என்றே எழுதினோம். அச்சொல் இன்று உறுத்துகிறது. ஆட்டம் முடிந்ததும் கற்கள் கிண்ணத்துக்குத் திரும்பும். ஆனையிறவில் அகற்றப்பட்டவர்கள், எத்தரப்பினராயினும், வீடு திரும்பவில்லை.

கோ ஆட்டத்தை ஜென் பயிற்சியோடு இணைத்துப் பேசுவோர் பலர். ‘ஜென்’ என்பது ‘தியானம்’ என்ற சொல்லின் திரிபு. அந்நெறியைச் சீனாவுக்குக் கொண்டுசென்ற போதிதர்மர் காஞ்சியிலிருந்து புறப்பட்டவர் என்பது ஒரு மரபுக் கதை. ஆட்டமோ ஜென்னைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறக்கவில்லை. பற்று விடுதல் என்ற இடத்தில்தான் இரண்டும் சந்திக்கின்றன. சில கற்களைக் காப்பாற்றும் பிடிவாதத்தில் பலகை முழுவதையும் இழந்தோர் ஏராளம். வெற்றியின் மீதான பேராசையைத்தான் ஆட்டத்தின் பழைய பத்து விதிகளில் முதலாவது எச்சரிக்கிறது.

இதனினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது ஆட்டத்துக்குப் பிந்திய வழக்கம். தேர்ந்த ஆட்டக்காரர்களில் வென்றவரும் தோற்றவரும் அதே பலகையின் முன் அமர்ந்து, நடந்த ஆட்டத்தை மீண்டும் வைத்துப் பார்ப்பர். எங்கே பிழைத்தேன் என்று தோற்றவர் தேடுவார். வென்றவர் தம் பிழையையும் ஒப்புக்கொள்வார். ‘நான்’ என்பதை ஒதுக்கிவைக்காமல் இது கைகூடாது. ஜென் பயிற்சி கேட்பதும் அதையே.

நம் நாட்டில் அது நிகழவில்லை. ஆனையிறவில் வென்றவரின் வெற்றித்தூபி நிற்கிறது. 1991இல் புலிகளின் கவச வாகனத்தைத் தடுத்து உயிர்நீத்த படைவீரர் காமினி குலரத்னவின் நினைவும் அங்கே போற்றப்படுகிறது. மகனை இழந்த எந்தத் தாய்க்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் கிளிநொச்சி கனகபுரம் துயிலும் இல்லம் போருக்குப் பின் இடித்தழிக்கப்பட்டது. தம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சிதைவுகளின் நடுவே விளக்கேற்ற நேர்ந்தது. பாடம் கற்பதற்கென 2010இல் அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதை நியமித்தவரும் வென்றவரே.

நாமாவது நேர்மையாக இருந்தோமா? 2000ஆம் ஆண்டின் வெற்றியைப் பேசும் அளவுக்கு, அதன்பின் நம் தரப்பு வைத்த பிழையான கற்களைப் பேசுகிறோமா? பேச முனைந்தவரைத் துரோகி என்றோம், அவரும் மௌனமானார்.

தோற்றவர் வாய் திறக்க அஞ்சி, வென்றவர் தம் பிழையை மறுக்கும்வரை, அடுத்த தலைமுறை இந்த ஆட்டத்திலிருந்து எதையும் கற்கப்போவதில்லை. பிறர் வரும்வரை காத்திராமல், நம் பக்கத்துக் கற்களையேனும் நாம் மீண்டும் வைத்துப் பார்க்கத் தொடங்கலாம்.