ஏழடி மனிதரை மடக்கியவர்!

கூடைப்பந்து ஆட்டத்தில் கூடை 10 அடி உயரத்தில் இருக்கிறது. அதனால் உயரமானவர்களுக்குத்தான் அங்கே மவுசு. ஏழடி மனிதர் ஒருவர் பந்துடன் கூடைக்கு அடியில் வந்து நின்றுவிட்டால், அவரை எப்படித் தடுப்பது?

அமெரிக்காவில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் வில்ட் சேம்பர்லேன். உயரம் 7 அடி 1 அங்குலம். 1962 மார்ச் 2-ந் தேதி பிலடெல்பியா கோஷ்டியில் ஆடிய அவர், ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்டு எடுத்தார்! அவரை மறிக்க நின்ற நியூயார்க் ஆட்டக்காரர், ஆறு தவறுகள் செய்து வெளியேற்றப்பட்டார். பாவம், அவர்தான் என்ன செய்வார்?

அந்த ஆண்டு ஆட்டத்துக்கு 50 பாயிண்டுக்கு மேல் எடுத்தார் சேம்பர்லேன். ஆனால் சிறந்த ஆட்டக்காரர் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பாஸ்டன் கோஷ்டியின் பில் ரசலுக்குக் கிடைத்தது. ரசலின் சராசரியோ 19 பாயிண்டு கூட இல்லை!

இது அநியாயம் என்று தோன்றலாம். அநியாயம் அல்ல. ஓட்டுப் போட்டவர்கள் கூட ஆடிய ஆட்டக்காரர்களே. யாரைக் கண்டால் பயம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஓர் அடி தள்ளி...

ரசல் 6 அடி 10 அங்குலம்தான். பலத்திலும் சேம்பர்லேனுக்கு ஈடு இல்லை. ஆகவே அவர் மல்லுக்கு நிற்கவில்லை. சேம்பர்லேன் நிற்க விரும்பும் இடத்துக்குத் தாம் முந்திப் போய் நின்றுகொண்டார். கூடையை விட்டு ஓர் அடி, இரண்டு அடி தள்ளி நின்று எறியும்படி செய்தார். தூரம் கூடினால் குறி தவறும் அல்லவா?

ரசல் இடது கைக்காரர். எதிராளி வலது கையால் எறியும்போது, இவருடைய இடது கை நேர் எதிரே இருக்கும். பந்தைத் தட்டுவதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. ஓங்கி அடித்து வெளியே அனுப்பினால் கைதட்டல் கிடைக்கும். பந்து மறுபடி எதிரிக்கே போய்விடும். ரசல் மெல்லத் தட்டித் தம் கோஷ்டியாரிடம் சேர்ப்பார். எதிரியின் பந்து நொடியில் பாஸ்டனின் பந்தாகிவிடும்!

1962-ல் இந்த இரு கோஷ்டிகளும் மோதிய பந்தயத்தின் ஏழாவது ஆட்டத்தில், சேம்பர்லேன் எடுத்தது 22 பாயிண்டு. பாஸ்டன் 109-107 என்று ஜெயித்தது. ரசல் ஒருவரே ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. அவருக்கு நல்ல துணை இருந்தது. ஆனால் அவர் ஆடிய 13 ஆண்டுகளில் பாஸ்டன் 11 முறை சாம்பியன் ஆயிற்று.

சேம்பர்லேனும் இதைக் கற்றுக்கொண்டார் என்றே சொல்லவேண்டும். 1967-ல் அவர் எடுத்தது ஆட்டத்துக்கு 24 பாயிண்டுதான். மற்றவர்களுக்குப் பந்தைக் கொடுத்தார், தடுத்தும் ஆடினார். அந்த ஆண்டுதான் அவருடைய கோஷ்டி முதன்முதலாகச் சாம்பியன் ஆயிற்று.

ரசல் 1969-ல் ஓய்வு பெற்றார். தட்டித் தடுத்த பந்துகளுக்கு அமெரிக்கச் சங்கம் கணக்கு வைக்கத் தொடங்கியது 1973-ல்தான். எடுத்த பாயிண்டுகளுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே கணக்கு இருக்கிறது!