வெறுங்காலில் ஏறும் புழு

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆண்டுக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டம் இது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகியவை வழக்கமான நாட்கள். 1 வயது முதல் 2 வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் 19 வயது வரை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் முழு மாத்திரை. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக, தருகிறார்கள். நல்ல திட்டம். அன்றைக்குப் பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மா 35 வயதில் களை பறிக்கப் போகிறார். அப்பா வாய்க்கால் தூர்வாரப் போகிறார். அவர்களுக்கு மாத்திரை இல்லை. ஏன் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

மண் வழியாகப் பரவும் குடற்புழுக்களில் முக்கியமானவை உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. முதல் இரண்டின் முட்டைகள் அழுக்குக் கையோடும் கழுவாத காய்கறியோடும் வாய்க்குள் போகின்றன. இவை பிள்ளைகளைத்தான் அதிகம் வாட்டும். கொக்கிப்புழு வரும் வழி வேறு. மலத்தோடு வெளியேறும் அதன் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கிறது. அந்த இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் கவ்விக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து ரத்தம் குடிக்கிறது. இதற்குச் சிறியவர், பெரியவர் என்ற கணக்கே கிடையாது.

அப்படியானால் இந்தப் புழு யார் காலில் ஏறும்? மண்ணில் வேலை செய்கிறவர் காலில், கழிவறை இல்லாததால் ஓடைக்கரைக்கும் கருவேலங்காட்டுக்கும் போகிறவர் காலில், உறையும் பூட்ஸும் தராமல் சாக்கடையில் இறக்கிவிடப்படுகிற தூய்மைப் பணியாளர் காலில். 2011 கணக்கெடுப்பின்போது இந்தியக் குடும்பங்களில் சுமார் 47 விழுக்காட்டினருக்கு வீட்டில் கழிவறை இருந்தது. பட்டியல் சாதிக் குடும்பங்களில் அது 34 விழுக்காடுதான். அதன்பிறகு கழிவறைகள் பல கட்டப்பட்டன. தண்ணீர் வராததால் விறகு அடுக்கி வைக்கும் இடமாகிப்போன கழிவறைகளை நம் காலனிகளில் இன்றைக்கும் பார்க்கலாம்.

செருப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஊர்த்தெருவுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைத்தது சாதி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், பொது இடத்தில் தலித் மக்கள் செருப்பணிவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும், 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் தலித் மக்கள் ஒரு தெருவில் செருப்பணிந்து நடந்தது செய்தியானது. செருப்பைக் கழற்றச் சொன்ன ஊர், மரியாதையை மட்டுமல்ல, உடல்நலத்தையும் சேர்த்தே பறித்தது.

கொக்கிப்புழு உள்ளவருக்கு ரத்தம் குறையும், மூச்சு வாங்கும், உடல் சோரும். பிள்ளைக்குப் படிப்பில் மனம் நிற்காது. அமெரிக்காவின் தென்பகுதியில் ஏழை வெள்ளையரைச் சோம்பேறிகள் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். 1909-இல் ராக்பெல்லர் ஆணையம் தொடங்கிய ஒழிப்புப் பணியில், அங்குள்ள பிள்ளைகளில் பத்தில் நான்கு பேருக்குக் கொக்கிப்புழு இருப்பது தெரிந்தது. இங்கே கூலிக்காரர்களைப் பார்த்து அதே சொல்லைச் சொல்கிறவர்கள், அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்களா?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. சத்துக்குறைவான சாப்பாடு, அடுத்தடுத்த பிரசவம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. புழுவும் ஒன்று. உள்ளே புழுவை விட்டுவைத்து இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போல.

உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு இந்தப் புழுக்கள் இருப்பதாக அது மதிப்பிடுகிறது. இத்தனை பேருக்கு இருந்தும் ஏன் புறக்கணிப்பு? யாருக்கு வருகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு மாத்திரை கொடுப்பது முடியாத காரியமல்ல. யானைக்கால் நோயை ஒழிக்க, அந்நோய் உள்ள மாவட்டங்களில் இதே அல்பெண்டசோலை வேறொரு மருந்துடன் சேர்த்து வீடு வீடாகப் பெரியவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் ஊர் முழுவதற்கும் கொடுத்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வு நடத்தியிருக்கிறது. மாத்திரை மட்டும் போதாது என்பதும் உண்மை. மண்ணில் மலம் கிடக்கும்வரை, வெளியேறிய புழு மறுபடியும் காலில் ஏறும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. கொக்கிப்புழு அதிகமுள்ள ஊர்களில் விவசாயக் கூலிகள், நூறு நாள் வேலைக்காரர்கள், தூய்மைப் பணியாளர்கள் அனைவருக்கும் வயது வரம்பில்லாமல் மாத்திரை தர வேண்டும். காலனிக் கழிவறைகளுக்குக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும். தூய்மைப் பணியாளருக்குப் பூட்ஸும் கையுறையும் தந்ததாகக் கையெழுத்து வாங்கினால் போதாது, பொருள் கையில் சேர வேண்டும்.

ஆகஸ்ட் 10-இல் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். ஐந்தாவது நாள், ஆகஸ்ட் 15, கிராம சபை. படித்த பிள்ளைகள் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். பதிவேட்டில் ஏற்றும்வரை எழுந்து வராதீர்கள். போகும்போது செருப்பணிந்து, ஊர்த்தெரு வழியாகவே போங்கள்.