அம்மா கேட்ட ஃபெரி

சில ஆண்டுகளாக நாங்கள் பினாங்குக்குப் போகும்போதெல்லாம் அம்மா மேருவில் வீட்டைப் பார்த்துக்கொள்வார். "நீங்க போயிட்டு வாங்கய்யா, என்னால முட்டிய மடக்கிக்கிட்டு அவ்வளவு நேரம் உட்கார முடியாது" என்பார். கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். பள்ளி விடுமுறை என்றால் நெடுஞ்சாலை நெரிசல் வேறு. 74 வயதில் அதைத் தாங்கச் சொல்வது நியாயமில்லைதான். ஆனாலும் திரும்பி வந்து ஜாதிக்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தை அவர் கையில் கொடுக்கும்போது மனசு ஒரு மாதிரி இருக்கும். அதை வாங்கிக்கொண்டு, "ஃபெரி இன்னும் ஓடுதா?" என்று மட்டும் கேட்பார். பாலத்தில் போய்ப் பாலத்திலேயே திரும்புகிற எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

இந்த முறை காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போனோம். நானும் அம்மாவும் மட்டும், ஒரே ஓர் இரவுப் பயணம்.

கிள்ளானில் கொம்யூட்டர் ஏறி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் மின்ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். 2015 முதல் ஓடுகிறது. நான் ஏறியது இப்போதுதான். வார இறுதி என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. மூத்த குடிமக்களுக்குக் கட்டணக் கழிவும் உண்டு.

அம்மா அரை மணிக்கொரு முறை எழுந்து, இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காரில் இது முடியுமா? தூக்குச் சட்டியில் கொண்டுவந்த இட்லியை ரயிலில் பசியாறினோம். ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் மலைகள் தெரிந்தன. கோலகங்சாரைத் தாண்டி, பெராப்பிட் மலையைக் குடைந்த 3.3 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் வந்த பிறகும் விடவில்லை.

தைப்பிங்கில் ரயில் நின்றது. மலாயாவின் முதல் ரயில், 1885இல் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு, ஈயம் சுமந்துகொண்டு ஓடியது. பிறகு நாடெங்கும் தண்டவாளம் போட்டதிலும் அதைப் பராமரித்ததிலும் நம்மவர்களின் உழைப்பு கொஞ்சநஞ்சமில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலிகளில் யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர் இருந்தார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா புக்கிட் மேரா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபுறமும் தண்ணீர், நடுவில் ரயில். என் சரித்திரப் பாடம் அதோடு முடிந்தது.

அம்மாதான் பேசத் தொடங்கினார். 1972இல், கல்யாணமான புதிதில், அப்பாவோடு தண்ணீர்மலை தைப்பூசத்துக்குப் போன கதை. இரவு மெயிலில் மூன்றாம் வகுப்பு. விடிய விடிய ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாராம். இறங்கியதும் ஃபெரி, கீழே கார்கள், மேலே ஆட்கள். "உங்கப்பா டிக்கெட்ட எங்க வெச்சோம்னு எல்லா பையிலயும் தேடினாரு. கடைசில என் கையிலதான் இருந்திச்சு." அப்பா போய் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. காரில் போயிருந்தால் வானொலி பாடியிருக்கும், நான் சாலையைப் பார்த்திருப்பேன்.

பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து ஃபெரித்துறைக்கு நடந்தே போகலாம். அம்மாவின் நடைக்கு இருபது நிமிடம் பிடித்தது, நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்த நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

1985இல் பாலம் திறக்கும்வரை காராக இருந்தாலும் ஃபெரியில்தான் கடல் தாண்ட வேண்டும். இப்போது நேர்மாறு. 2023இல் வந்த புதிய ஃபெரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும்தான், கார்கள் இல்லை. "இது அந்த ஃபெரி இல்லையே" என்றார் அம்மா. குரலில் ஏமாற்றம். புறப்பட்ட பிறகு காற்று முகத்தில் அடித்தது. ஜார்ஜ்டவுன் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது. அதற்குப் பிறகு குறை எதுவும் சொல்லவில்லை.

கரைக்குப் பக்கத்திலேயே மணிக்கூண்டு வைத்த வெள்ளைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. இப்போது சுங்கத் துறையின் விஸ்மா கஸ்தாம். 1907இல் இதை ரயில் நிலையமாகக் கட்டினார்கள். தீவில்தான் தண்டவாளமே கிடையாதே! பயணிகள் இங்கே டிக்கெட் வாங்கி, படகில் அக்கரைக்குப் போய் ரயில் ஏறியிருக்கிறார்கள். எத்தனை முறை காரில் இதைக் கடந்திருப்பேன், நிமிர்ந்து பார்த்ததில்லை.

அங்கிருந்து குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் தூரமில்லை. 1833இல் எழுந்த கோயில். அம்மா அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கிராப் பிடித்துத் தண்ணீர்மலைக்குப் போனோம். படிகளை அடிவாரத்திலிருந்தே அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை.

கொடிமலை ரயிலுக்கு நேரம் போதவில்லை. நாசி கண்டாருக்கு நேரம் போதியது.

திரும்பும் ரயிலில், தைப்பிங் வருவதற்குள் அம்மா தூங்கிவிட்டார். தஞ்சோங் மாலிம் பக்கம் கண் விழித்துக் கேட்டார்: "ஏய்யா, கிளந்தான்ல தும்பாட் வரைக்கும் ரயில் போகுதாமே, அது எத்தன மணிக்கு?"