பயிலரங்கில் பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் தீனியாத் வகுப்புகளும் மாணவர் பயிலரங்குகளும் இளைஞர் முகாம்களும் தொடங்கிவிடுகின்றன. திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வட்டாரத்தில் நடக்கும் முகாம்களில், கடைசி நாளன்று பிள்ளைகளை வேனில் ஏற்றி மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. நோட்டீஸில் பேச்சாளர் பெயர், தலைப்பு, மதிய உணவு ஏற்பாடு எல்லாம் இருக்கும். பிள்ளைக்கு அடிபட்டால் யார் பார்ப்பார் என்ற தகவல் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அதைப் பெற்றோராகிய நாமும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2018-இல் கண்ணால் பார்த்தது. அந்த ஆண்டு ஜூலை 12 அன்று கோவை கலைமகள் கலை அறிவியல் கல்லூரியில் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி நடந்தது. ஆபத்து நேரத்தில் மாடியிலிருந்து தப்புவது எப்படி என்று செய்து காட்ட வேண்டும். கீழே மாணவர்கள் வலையைப் பிடித்து நின்றார்கள். இரண்டாவது மாடியில் நின்ற 19 வயது மாணவி குதிக்கத் தயங்கினார். பயிற்சியாளர் அவரைத் தள்ளிவிட்டார். முதல் மாடி சன்ஷேடில் தலை மோதி அந்த மாணவி உயிரிழந்தார். உயிரைக் காக்கக் கற்றுக்கொடுத்த நிகழ்ச்சியிலேயே ஓர் உயிர் போனது.

பயிற்சியாளர் கைது செய்யப்பட்டார். அந்தப் பயிற்சிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை, அவர் தங்கள் அங்கீகாரம் பெற்றவரும் அல்ல என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. இந்த ஒரு செய்தி முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தப் பயிற்சி நடந்திருக்குமா? அவர் யார், எங்கே பயின்றார் என்ற விசாரணை விபத்துக்குப் பிறகுதான் பெரிதாக எழுந்தது.

நம் முகாம்கள் இந்த அளவுக்குப் பெரியவை அல்ல என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் சகோதரர்கள் இக்லாஸோடு உழைப்பவர்கள்தாம். ஆனால் நல்ல எண்ணம் வேறு, பயிற்சி வேறு. அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ள ஒரு சம்பவத்தை மத்ரஸாவில் ஓதிய அனைவரும் அறிவோம். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. உடன் இருந்தவர்கள் சலுகை இல்லை என்று கூறிவிட, அவர் குளித்து இறந்துபோனார். அறியாதவர்கள் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டாமா என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர்களும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர்.

நம் பகுதியின் நிலையைப் பாருங்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து இன்னும் தொலைவு. மூச்சு நின்றுபோனால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த முதல் நிமிடங்கள் பக்கத்தில் நிற்கும் உஸ்தாதின் கையில்தான் இருக்கின்றன.

அந்த நிமிடங்களில் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கடலில் மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்து வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்க்கிறார்கள். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலை மோதாமல் பார்த்துக்கொண்டாலே போதும். தீக்காயத்தில் பற்பசை தடவுகிறார்கள். அதற்கு 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரே மருந்து. மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா ஊற்றுவதும், உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பதும் உயிருக்கே உலை வைத்துவிடும்.

இன்னொரு தயக்கமும் நம்மிடம் உண்டு. அடிபட்டவர் பெண் பிள்ளையாக இருந்தால் ஆண்கள் தொடலாமா என்று யோசித்து நிற்பது. பெண்கள் பங்கேற்கும் முகாமில் முதலுதவி தெரிந்த ஒரு பெண் இருப்பதே சரியான ஏற்பாடு. அவர் இல்லாத நேரத்தில், உயிரைக் காக்கும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடம் தருகிறது. தயங்கி நின்று உயிரை இழக்கச் சொல்லவில்லை.

விபத்து நடந்த பிறகு "கத்ர், அல்லாஹ்வின் நாட்டம்" என்று ஆறுதல் சொல்கிறோம். பிள்ளையை இழந்த பெற்றோர் அப்படிச் சொல்லும்போது அது ஈமான். முன்னேற்பாடு எதுவும் செய்யாத நிர்வாகிகள் அதையே சொன்னால் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்துக்குக் கணக்கு உண்டு.

எனவே பெற்றோர்களே, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் நேரில் போய்க் கேளுங்கள். முறையாக முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார்? முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? பக்கத்து மருத்துவமனை எது, வண்டி தயாராக நிற்குமா? ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் யாரிடம் இருக்கிறது? கடலில் இறங்க அனுமதி உண்டா? என் பிள்ளை பயந்து "வேண்டாம்" என்றால் விட்டுவிடுவீர்களா?

ஜமாஅத் நிர்வாகிகள் இந்தக் கேள்விகளைக் குறையாக எண்ணக் கூடாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு ஆண்களையும் இரண்டு பெண்களையும் அனுப்பிப் பயிற்றுவித்தால் அந்தச் செலவு ஒரு வேளை பிரியாணிச் செலவைத் தாண்டாது. பதில் இல்லாத முகாமுக்குப் பிள்ளையை அனுப்ப மறுப்பது தீனுக்கு எதிரானது அல்ல. அடுத்த முகாமை அவர்கள் சரியாக நடத்த அது காரணமாகட்டும், இன்ஷா அல்லாஹ்.