காரணம் தெரியாத நோயும் கைவிடாத கவனிப்பும்



மும்பை, பெங்களூரு போன்ற மாநகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், நாய் வளர்க்க இடமில்லாத பெற்றோர் சிலர் பிள்ளைகளுக்குக் கினிப்பன்றி வாங்கிக் கொடுக்கிறார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட இச்சிறு பிராணி பொதுவாக 5 முதல் 8 ஆண்டுகள் வரை உயிர் வாழும். ஐந்தாம் வகுப்பில் மகள் வாங்கிய குட்டி, அவள் பத்தாம் வகுப்புக்கு வரும்போது முதுமை அடைந்திருக்கும். ஒருநாள் அது உணவின் அருகே வந்தும் உண்ணாமல் திரும்பிவிடுகிறது. மருத்துவரோ, குறிப்பான காரணம் தென்படவில்லை என்கிறார். இனி என்ன செய்வது?

காரணம் தெரியும்வரை கவனிப்பு காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று காரியங்களைச் சிந்தியுங்கள்.

முதலாவது, எடையைப் பார்த்து எழுதி வையுங்கள். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணியாகையால் கினிப்பன்றி தன் நோயை மறைத்துக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தப்புவதைச் சமையலறைத் தராசு காட்டிக்கொடுக்கும். வளர்ந்த கினிப்பன்றி சுமார் 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். நோயுற்ற நாட்களில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். தின்ற அளவு, புழுக்கை, சிறுநீர் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது பெரிய எச்சரிக்கை. இக்குறிப்பேட்டுடன், முயல், கினிப்பன்றி ஆகியவற்றுக்கு வைத்தியம் செய்து பழகிய மருத்துவரைத் தேடிச் செல்லுங்கள். முன்பற்கள் நேராயிருந்தும் கடைவாய்ப் பற்கள் மிகுதியாய் வளர்ந்து நாவைக் குத்தலாம். சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். பெண் பிராணியாயின் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவற்றின்பின் இவை வெளிப்படுவதுண்டு.

இரண்டாவது, பட்டினி கிடக்க விடாதிருங்கள். இதன் குடல் இடைவிடாமல் இயங்க வேண்டும். 12 மணி நேரம் ஒன்றும் உண்ணாவிட்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். வயிறு உப்பியிருந்தால் அவர் பார்க்குமுன் எதையும் புகட்டாதிருங்கள். அவர் அனுமதித்தால், தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சினால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மல்லாத்திப் பிடித்தால் புரையேறும். உலர்ந்த புல் எப்பொழுதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி சத்தை உடலில் உண்டாக்க முடியாது. அதற்கும் ஸ்கர்வி நோய் வரும் என்பதை 1907இல் நார்வே அறிஞர்கள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் ஆகியோர் காட்டினர். ஆகவே குடைமிளகாய்த் துண்டுகளைத் தினமும் கொடுங்கள்.

மூன்றாவது, வீட்டு மருந்துப் பெட்டியைத் திறவாதிருங்கள். பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின் போன்ற மருந்து, கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதன் உயிரையே பறித்துவிடக்கூடும். கோடை வெப்பமும் அதற்கு ஆபத்தே. நிழலும் காற்றோட்டமும் உள்ள அறையில் வையுங்கள். நெடுநாள் துணையாயிருந்த மற்றொரு கினிப்பன்றி உண்டானால், மருத்துவர் சொன்னாலன்றி அவற்றைப் பிரிக்காதிருங்கள்.

பெற்றோரே, "இது போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். வைத்தியர் பெயர் சொல்ல முடியாத நோயோடு நாளை நம் வீட்டு முதியவர் ஒருவர் படுத்திருக்கக்கூடும். பலவீனப்பட்ட ஓர் உயிரை இவ்வீடு எப்படி நடத்துகிறது என்பதைப் பிள்ளை இப்பொழுதே கற்றுக்கொள்கிறாள். வேதனையைத் தணிக்க இனி வழியில்லை என்று மருத்துவர் கூறி, வலியின்றி முடிவளிக்க ஆலோசனை சொன்னால், அதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மடியில் வைத்து விடைகொடுக்க இடங்கொடுங்கள்.

தராசையும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் இன்று மாலையே எடுத்து வையுங்கள். முதல் நாளின் எடையை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.