சீசன்லதான் ஓய்வு வேணும்

சித்திரை, வைகாசின்னா எங்க மதுரைப் பக்கம் மல்லித் தோட்டக்காரனுக்குச் சரியான தூக்கம் கிடையாது. இருட்டோட மொக்கைப் பறிச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள மாட்டுத்தாவணி மார்க்கெட்ல சேர்க்கணும். 2013-ல புவிசார் குறியீடு வாங்கின பூதான். ஆனா ஒருநாள் பொறுத்துப் பறிக்கலாம்னா விரிஞ்சு போயிரும், விலை போகாது.

டவுன்ல கடை, கம்பெனி நடத்துறவங்களுக்கும் சீசன்ல இதே பாடுதான். "சீசன் முடியட்டும், அப்புறம் படுத்துக்கலாம்"னு தள்ளிப்போடுறோம். அதுக்குள்ள உடம்பு நம்மளைப் படுக்கப் போட்டுருது.

பறிப்பைத் தள்ளிப்போட முடியாது, சரி. மார்க்கெட்டுக்கும் தினம் நாமளேதான் போகணுமா? பக்கத்துத் தோட்டக்காரரோட முறை வச்சுக்கிட்டா ஒருநாள் விட்டு ஒருநாள் தூங்கலாம். நம்ம கண்ணு முன்னால எடை போடாததுல நாலு காசு குறைஞ்சாலும், ஆஸ்பத்திரிச் செலவை விடக் கம்மிதான்.

கார்த்திகையில செடியைக் கவாத்து பண்ணி ஓய்வு கொடுக்க மறக்கறதில்ல. முதலாளிக்கு மட்டும் யாரும் லீவு எழுதித் தரமாட்டாங்க. நாமளாத்தான் எடுத்துக்கணும்.